அத்தியாயம் 4: நிறுத்து விற்காத கயிறு

உடுமலைப்பேட்டையில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. ஹார்டுவேர் கடையில் நைலான் கயிற்றைக் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுப்பார்கள். தென்னந்தோப்பு சூழ்ந்த ஊர் என்பதால் நார்க்கயிறு எந்தப் பக்கமும் கிடைக்கும். லாரிக்குத் தார்ப்பாய் கட்டும் கயிறு, கிணற்றடித் தாம்புக்கயிறு, காற்றாலைக் கோபுரத்தில் தொங்கி வேலை செய்பவர்களின் கயிறு என்று கண்ணில் படுவதெல்லாம் உறுதியாகவே தோன்றும். பாறையேறப் பழகி, சொந்தமாக ஒரு கயிறு வாங்கலாம் என்று நினைப்பவர் தடுமாறுவது இங்கேதான். ‘உறுதியான கயிறு வேண்டும்’ என்று கேட்டால் மேலே சொன்ன எதையும் அவர் தலையில் கட்டிவிடலாம். கேட்க வேண்டியது வேறு: விழும் ஆளை இந்தக் கயிறு எவ்வளவு மெதுவாக நிறுத்தும்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் குறியீடு, தடிமன், நீளம், விலை எல்லாவற்றிலும் எது தேவை, எது வீண் என்பது தானாகப் பிரிந்துவிடும்.

இங்கே சொல்லப்படுவது கயிறு வாங்குவதும் வைத்துக் காப்பதும் மட்டுமே. முடிச்சுப் போடுவதையும், கீழே நின்று ஏறுபவரின் கயிற்றைக் கட்டுப்படுத்துவதையும் (இதை ‘பிலே’ என்பார்கள்) பயிற்றுநரை அருகில் வைத்துக்கொண்டுதான் கற்க வேண்டும். பெங்களூருக்குத் தென்மேற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கும் ராமநகரத்துக் கருங்கல் குன்றுகள் தென்னிந்தியாவில் பலரும் முதலில் பழகும் இடம். டார்ஜிலிங், உத்தரகாசி மலையேற்ற நிறுவனங்களின் அடிப்படைப் பயிற்சியிலும் பாறையேற்றம் உண்டு. அந்தப் படியைத் தாண்டாதவர் கயிற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம்.

இரண்டு டன் தாங்கும் கயிறு ஏன் போதாது

‘கடைக் கயிறே ஒரு டன், இரண்டு டன் தாங்கும்போது 60 கிலோ ஆளைத் தாங்காதா?’ என்று கேட்பதில் நியாயம் உண்டு. தொங்கும் ஆளை நிச்சயம் தாங்கும். விழும் ஆளின் கணக்கு வேறு. கயிற்றைக் கீழிருந்து தன்னோடு இழுத்துக்கொண்டு, வழியில் ஆங்காங்கே பாறையில் இருக்கும் பிடிமானங்களில் மாட்டிக்கொண்டே ஏறும் முறைக்கு ‘லீடு’ என்று பெயர். கடைசியாக மாட்டிய இடத்துக்கு 2 மீட்டர் மேலே கை நழுவினால், அந்த இடம் வரை 2 மீட்டர், அதற்குக் கீழே இன்னொரு 2 மீட்டர், ஆக 4 மீட்டர் விழுந்த பிறகுதான் கயிறு இறுகும். அதன்பின் கயிறு நீண்டுகொடுத்து ஒன்றரை மீட்டரில் அவரை நிறுத்தினால், உடல்மீது விழும் சராசரி விசை ஏறக்குறைய 220 கிலோ எடைக்குச் சமம். அதே ஆளை அரை மீட்டரில் நிறுத்தினால் 540 கிலோ. உச்சக்கட்ட அதிர்ச்சி இந்தச் சராசரியைப் போல இரு மடங்கு வரை போகலாம். ஆளும் உயரமும் மாறவில்லை; நின்ற தூரம் குறைந்தது, அடி கூடியது. மேலே உள்ள பிடிமானத்தின் நிலைமை இன்னும் மோசம். ஏறுபவர் பக்கம் இழுக்கும் விசையோடு பிலே பிடிப்பவர் பக்கத்து விசையும் அதன்மீது சேரும். இப்படிப்பட்ட விழுகையில் கடைக் கயிறு அறாமலே இருக்கலாம். இடுப்பெலும்போ, பாறையில் அடித்த போல்ட்டோ அதற்கு முன் விட்டுக்கொடுத்துவிடலாம்.

இந்த நீட்சி நைலானுக்குத் தானாக வந்துவிடுவதில்லை. இதை விளக்கப் பனியன் ஊரான திருப்பூர் வட்டாரத்தில் அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரே பருத்தி நூலைத் தறியில் காடாவாக நெய்தால் இழுத்தாலும் கொடுக்காது. நிட்டிங் மிஷினில் பின்னினால் இழுத்த பக்கமெல்லாம் வரும். கயிற்றிலும் அப்படித்தான். நைலான் இழைகளை முறுக்கி வெப்பத்தில் சுருங்கவைத்து உள்ளே கருவாக வைத்து, அதன்மேல் நாடா பின்னுவது போல ஓர் உறை பின்னினால் அது ‘டைனமிக்’ கயிறு. சுருங்கிய இழைகள் விழுகையில் நீண்டு அடியை வாங்கிக்கொள்ளும். அதே நைலானை நீளாதபடி அமைத்தால் ‘ஸ்டாட்டிக்’ கயிறு. கருவும் உறையுமான இந்த அமைப்பை 1953-இல் கொண்டுவந்தது ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம். அந்த நிறுவனம் 1863-இல் தொடங்கியபோது பின்னல் நாடாக்களும் கயிறுகளும் செய்துகொண்டிருந்தது என்பது நம் ஊர் டிராகார்டுக்காரர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

வேறு வேலைக்கான கயிற்றைப் பாறைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் எட்டிய 7 பேரில் 4 பேர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். எட்வர்ட் விம்பரின் அந்தக் குழுவிடம் நல்ல கயிறுகள் இருந்தன. ஆனால் நடுவில் ஓர் இடத்தில் கட்டியிருந்தது, பாறையில் கட்டி அங்கேயே விட்டுவருவதற்காக எடுத்துவந்த மெல்லிய கயிறு. அறுந்தது அதுதான்.

வாங்கும் வரிசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். விலையிலோ நிறத்திலோ தொடங்கினால், பிடித்துப்போன கயிற்றுக்கு நாமே காரணம் தேட ஆரம்பித்துவிடுவோம்.

1. முதலில் குறி. கயிற்றின் இரு முனைகளிலும் ஒட்டியிருக்கும் பட்டையைப் பாருங்கள். வட்டத்துக்குள் 1 என்ற எண் இருக்க வேண்டும். அது தனியாகப் பயன்படுத்தத்தக்க ‘சிங்கிள்’ கயிறு. வட்டத்துக்குள் அரை என்று இருந்தாலும், ஒன்றோடொன்று பின்னிய இரு வட்டங்கள் இருந்தாலும் அவை இரண்டு இரண்டாகப் பயன்படுத்தும் கயிறுகள். முதல் கயிறாக வேண்டாம். கூடவே இ.என். 892 என்ற ஐரோப்பியத் தர எண்ணோ, சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ.வின் முத்திரையோ இருக்க வேண்டும். இ.என். 1891 என்றிருந்தால் அது நீட்சி குறைந்த கயிறு. காற்றாலை, கட்டட வேலைகளுக்கான கயிற்றில் பெரும்பாலும் காண்பது இதைத்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: ‘காற்றாலைக் கயிறும் சான்று பெற்றதுதானே? ஆள் தொங்கும் வேலைக்குத்தானே பயன்படுகிறது? மீட்டர் கணக்கில் மலிவாகவும் கிடைக்கிறதே?’ மூன்றும் உண்மை. அந்த வகையில் தடித்த ரகம் குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,200 கிலோ தாங்கியாக வேண்டும் என்பது விதி. ஆனால் கோபுரத்தில் தொங்குபவர் விழுவதில்லை. அவருடைய கயிறு எப்போதும் மேலிருந்து இறுகியே இருக்கும். நடுவானில் நின்று வேலை பார்ப்பவர் ரப்பர் போல ஆடக்கூடாது என்பதற்காகவே அதில் நீட்சியைக் குறைத்திருக்கிறார்கள். மேலே கட்டிய கயிற்றில் மட்டும் ஏறுகிற ‘டாப் ரோப்’ முறைக்கு நீட்சி குறைந்த கயிற்றைப் பயன்படுத்தும் ஏற்றக்கூடங்கள் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் முதல் கயிறு ஒன்றே ஒன்றுதான் இருக்கும்; இன்று டாப் ரோப்புக்கு என்று வாங்கியது நாளை லீடுக்குப் போகும். டைனமிக் கயிறு இரண்டுக்கும் ஆகும், ஸ்டாட்டிக் கயிறு ஒன்றுக்குத்தான் ஆகும்.

2. அடுத்து தடிமன். 9.5 முதல் 10 மி.மீ. வரை. இதற்கு மேல் போனால் சுமை. 60 மீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோவைத் தாண்டும். இதற்குக் கீழே போனால் பழகாத கைக்குள் கயிறு வேகமாக ஓடும். மெல்லிய கயிறு விற்பவர்கள் ‘இதுவும் அதே சோதனையில் தேறியதுதான்’ என்பார்கள். தேறியதுதான். ஆனால் சோதனைக்கூடத்தில் பிலே பிடிக்கும் கை கிடையாது. பழக்கமில்லாத கைக்குப் பிடிமானமும், கரடுமுரடான கருங்கல்லில் உரசினால் தேய்வதற்குக் கொஞ்சம் கூடுதல் உறையும் வேண்டும். மெல்லிய கயிற்றில் மிச்சமாகும் சில நூறு கிராம் பேருந்தில் ராமநகரம் போகிறவருக்குப் பெரிய லாபமில்லை. துணிக்கு ஜி.எஸ்.எம். பார்ப்பது போலக் கயிற்றுக்கு ஒரு மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள். 60-ஐ ஒட்டி இருந்தால் சரி.

குறிப்பு: உங்கள் பிலே கருவி எந்தத் தடிமன் வரை ஏற்கும் என்பது கருவியின் மீதே பொறித்திருக்கும். கயிற்றுக்கு முன் கருவி வாங்கிவிட்டவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகவும்.

3. பிறகு நீளம். 60 மீட்டர். ‘நாங்கள் ஏறும் பாறை 15 மீட்டர்தான், 30 போதாதா?’ என்பது பணத்தை மிச்சப்படுத்தும் கேள்வி போலத் தெரியும். கயிறு மேலே போய்த் திரும்பக் கீழே வர வேண்டும் என்பதால் 15 மீட்டர் பாறைக்கே 30 மீட்டர் ஓடிவிடும். கட்டிக்கொள்ளும் முடிச்சுக்கும், பிலே பிடிப்பவர் தள்ளி நிற்பதற்கும், முனையில் மிஞ்ச வேண்டியதற்கும் ஒன்றும் இருக்காது. புதுப் பனியன் துணியைப் போலக் கயிறும் நனைந்து காய்ந்து பழகப் பழகச் சுருங்கும். முனைப்பகுதிதான் முதலில் தேயும் என்பதால் சில மீட்டரை வெட்டியெறிய வேண்டியும் வரும். இதையெல்லாம் கழித்தாலும் 60 மீட்டர் கயிறு 25 மீட்டர் பாறைக்குப் பல ஆண்டுகள் போதும். கயிறு போதாமல் போவது வெறும் அசௌகரியம் இல்லை. ஏறியவரைக் கீழே இறக்கும்போது மறுமுனை பிலே கருவி வழியே நழுவி வெளியேறி, அவர் தரையில் விழும் விபத்து உலகமெங்கும் திரும்பத் திரும்ப நடக்கிறது.

4. அச்சிட்ட எண்கள். பெட்டியிலுள்ள தாளில் மூன்று எண்களைத் தேடுங்கள். முதலாவது, தாக்கு விசை. 80 கிலோ எடையைக் கடுமையாக விழவைக்கும் முதல் சோதனையில் இது 12 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது என்பது விதி. குறைவாக இருந்தால் அடி மெதுவாக விழும் என்று பொருள். இரண்டாவது, அதே சோதனையில் கயிறு நீண்ட அளவு. 40 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. மூன்றாவது, 80 கிலோ சும்மா தொங்கும்போது நீளும் அளவு. 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ‘நீட்சிதானே நல்லது, வரம்பு எதற்கு?’ என்று கேட்கலாம். அளவுக்கு மீறி நீண்டால், நிற்கும் முன்பே திண்டிலோ தரையிலோ மோதிவிடுவார். டாப் ரோப்பில் பழகுபவர்கள் மூன்றாவது எண் குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒவ்வொரு முறை ஓய்வெடுக்கும்போதும் ஏறிய தூரம் வீணாகாது.

தாளில் பெரிதாக அச்சிட்டிருப்பது ‘எத்தனை விழுகை’ என்ற எண். கடைக்காரரும் அதைத்தான் சொல்லிக்காட்டுவார். சிங்கிள் கயிறு குறைந்தது 5 சோதனை விழுகைகளைத் தாங்க வேண்டும். 7, 8, 9 என்று சாதாரணமாகவே இருக்கும். இதைக் கயிற்றின் ஆயுள் என்று படிப்பது பெரிய தவறு. ஒவ்வொரு சோதனை விழுகையும் பாறையில் அபூர்வமாகவே நேரும் கடுமையானது. 7 என்று போட்டால் ஏழாவது முறை விழுந்ததும் கயிறு முடிந்தது என்று பொருளல்ல. 9 என்று போட்டது 7-ஐ விடப் பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. இந்த எண்ணுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

5. நீர்விலக்குப் பூச்சு. வேண்டாம். பனியிலும் ஈரத்திலும் ஏறுபவர்களுக்கான வசதி அது. நனைந்த நைலான் பலம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் நனைந்த பாறையில் ஏறப்போவதில்லை என்றால் அதற்கு விலை கொடுப்பானேன்?

6. நடுக்குறி. கயிற்றின் சரிபாதியைக் காட்டும் குறி தொழிற்சாலையிலேயே போட்டிருக்க வேண்டும். இல்லாத கயிற்றை வாங்கி, நாமே போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

7. தயாரித்த ஆண்டு. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்கு மேல் வேண்டாம் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் வரம்பு. சலுகை விலையில் வரும் கயிற்றில் இதைத் தவறாமல் பாருங்கள். பழகிய நண்பர் விலை குறைத்துத் தரும் பழைய கயிற்றை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவருடைய வண்டிப் பெட்டியில் பக்கத்தில் என்ன கிடந்தது என்பது அவருக்கே தெரியாது.

குறிப்பு: ‘நைலான்’ என்று விற்கப்படும் கடைக் கயிற்றில் ஒரு துண்டைத் தண்ணீர் வாளியில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது நைலானே இல்லை, பாலிப்ரொப்பிலீனோ பாலித்தீனோதான். நைலான் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் நைலானைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். உராய்வுச் சூட்டைத் தாங்காது. மூழ்கியதாலேயே அது ஏறும் கயிறாகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பனியன் ஊரில் கயிற்றுக்கு வரும் கேடு

நல்ல நிலையில் உள்ள நவீனக் கயிறு முடிச்சிலோ, கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான காரபைனரிலோ அறுவதில்லை. கூரான பாறை விளிம்பும் ரசாயனமும்தான் அதை அறுக்கின்றன. ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தின் பாதுகாப்பு ஆய்வை நெடுங்காலம் நடத்திய பிட் ஷூபர்ட் கயிறு அறுந்த விபத்துகளைத் தொகுத்துக் கண்டதும் இதைத்தான். விளிம்பைக் கண்ணால் பார்த்து விலகலாம். ரசாயனம் பட்ட கயிறு பல நேரங்களில் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும்.

திருப்பூர் வட்டாரத்தில் இந்த இரண்டாவது ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நைலானுக்கு முதல் எதிரி அமிலம். பேட்டரி அமிலத்தின் ஆவி பட்டாலே போதும். பல வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரியும் பழைய சாமான்களும் ஒரே மூலையில்தான் இருக்கும்; கயிற்றுப் பைக்கு அந்த மூலை ஆகாது. சாயப்பட்டறையிலும் பிளீச்சிங்கிலும் புழங்கும் அமிலம், ஹைப்போ, பெராக்சைடு எதுவும் ஆகாது. கயிறு அழுக்கானதும், தெரிந்தவர் பட்டறையில் ஒரு தொட்டியில் போட்டு அலசி வாங்கிவிடலாம் என்று தோன்றுவது இந்த ஊரில் இயல்பு. பருத்திக்குப் பழகிய தொட்டி அது. அதில் முந்தைய லாட்டுக்கு என்ன ஊற்றினார்கள் என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

நடுக்குறியும் இதே கதைதான். பிரிண்டிங் யூனிட் மையோ, கம்பெனியில் துணி மீது எழுதும் மார்க்கரோ எளிதில் கிடைக்கும். ஆனால் மார்க்கர் மை பட்ட இடத்தில் கயிறு பலவீனமாகலாம் என்று யு.ஐ.ஏ.ஏ. எச்சரித்திருக்கிறது. கயிற்று நிறுவனம் ஒப்புக்கொண்ட மை தவிர வேறெதுவும் வேண்டாம். ‘துணிக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்பது பதிலாகாது. துணியில் யாரும் தொங்குவதில்லை.

துவைக்கும் முறை எளிது: அறை வெப்பத் தண்ணீர், காரமில்லாத மென்மையான சோப்பு, நன்றாக அலசல், நிழலில் உலர்த்தல். வெயிலில் கொடி போல நீளமாகக் கட்டாதீர்கள். புற ஊதாக் கதிர் நைலானை மெல்ல அரிக்கும். தகரக் கூரைக்கு அடியில், பரணில் வைப்பதும் கூடாது.

பாறையடியில்

1. புதுக் கயிற்றின் சுருளை வளையம் வளையமாக எடுத்துப் போடாதீர்கள், முறுக்கு விழும். சுருளைக் கையில் மாட்டி உருட்டியபடியே வெளிச்சுற்றிலிருந்து பிரியுங்கள்.
2. முழு நீளத்தையும் விரலிடையே ஓடவிட்டுத் தடவுங்கள். கரு மெலிந்த இடம், புடைத்த இடம், விறைத்த இடம், உறை கிழிந்து வெள்ளை தெரியும் இடம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்று ஏறுவது இல்லை. இதை ஒவ்வொரு நாளும் செய்யுங்கள். ஓரிடத்தில் கயிற்றை மடிக்கும்போது வட்டமாக வளையாமல் தட்டையாக மடிந்தால், உள்ளே கரு அடிபட்டிருக்கிறது.
3. கயிற்றை மண்ணில் போடாமல் பையிலோ தார்ப்பாய்த் துண்டிலோ போடுங்கள். மணல் உறைக்குள் புகுந்தால் உள்ளிருந்தே அறுக்கும். யாரும் மிதிக்கக்கூடாது.
4. ஏறுபவர் கட்டிக்கொண்டதும், மறுமுனையில் தடுப்பு முடிச்சு போடுங்கள். பாறை எவ்வளவு குட்டையாக இருந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.
5. ஓடும் கயிறு இன்னொரு கயிற்றின் மீதோ துணி நாடாவின் மீதோ உரசக்கூடாது. அசையாமல் இருப்பது ஓரிடத்திலேயே சூடேறி உருகி அறும். நடுவில் எப்போதும் காரபைனரோ உலோக வளையமோ இருக்க வேண்டும்.
6. வாங்கிய தேதி, ஏறிய நாள்கள், பெரிய விழுகைகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். கடுமையான விழுகைக்குப் பின்னும், ரசாயனம் பட்ட சந்தேகம் வந்தாலும் கயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

எந்தப் பாறை என்பதில் ஓர் எச்சரிக்கை. திருமூர்த்தி மலையும் அமராவதி அணையும் பக்கத்தில் இருப்பதால் கயிறு கைக்கு வந்ததும் கால் அந்தப் பக்கம் போகும். அங்குள்ள மலைக்காடுகள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உடுமலை, அமராவதி வனச்சரகங்களைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியின்றி உள்ளே கால் வைப்பதே குற்றம். கைவிடப்பட்ட கல்குவாரி அதற்கு மாற்றல்ல. வெடி வைத்துப் பிளந்த முகத்தில் எந்தக் கல் ஒட்டியிருக்கிறது, எது ஒட்டாமல் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. விளிம்புகளும் உடைந்த கண்ணாடி போலக் கூராக இருக்கும்.

ஓய்வுபெற்ற கயிறு

ஆயுள் முடிந்த கயிற்றை முழுதாக வீட்டில் வைக்காதீர்கள். பார்ப்பதற்கு நல்ல கயிறுதான்; யாராவது ஒருவர் இரவல் கேட்டு எடுத்துப்போய் ஏறிவிடுவார். அன்றைக்கே 3 மீட்டர் துண்டுகளாக வெட்டி, முனைகளைத் தீயில் காட்டி உருக்கி மூடிவிடுங்கள். ஒரு துண்டு முடிச்சுப் பழக. மற்றவை துணி காயப்போடவும் மாடு கட்டவும் போகட்டும்.